சோறு வேறு, மஞ்சள் பால் வேறு

வாசகியின் கேள்வி: எனக்கு வயது 29. பருக்கள் வந்து போன கருந்தடங்கள் கன்னத்திலும் தாடையோரத்திலும் நிறைய இருக்கின்றன. தொட்டியில் வளரும் கற்றாழையின் மடலை அறுத்து, 5 வாரங்களாக இரவில் முகத்தில் தேய்த்துக்கொண்டு படுக்கிறேன். சில நாட்களில் எலுமிச்சைச் சாறும் கலப்பேன். கற்றாழையே போதும் என்று மாய்ஸ்சரைசரையும் சன்ஸ்கிரீனையும் நிறுத்திவிட்டேன். முதல் 2 வாரங்கள் முகம் குளிர்ச்சியாக, மெத்தென்று இருந்தது. இப்போது தாடையிலும் கண்ணுக்குக் கீழும் அரிப்பும் சிவப்பும். “உள்ளே இருக்கும் நச்சு வெளியே வருகிறது, நிறுத்தாதே” என்கிறாள் தோழி. கிளியோபாத்ரா காலத்திலிருந்து பூசிவரும் ஒன்று கெடுதல் செய்யுமா என்று எனக்கும் தோன்றுகிறது. தடங்கள் மறையுமா? சாறாகக் குடித்தால் சருமம் பொலிவாகுமா? இன்னொன்று: அக்காவுக்குச் சிசேரியன் ஆகி 3 வாரங்கள். தையல் ஓரிடத்தில் விட்டுப்போய் ஈரமாகவே இருக்கிறது. அதில் இந்தக் கற்றாழைச் சோற்றைப் பூசலாமா?

தோல் மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். அக்காவின் காயத்தில் எதையும் பூசாதீர்கள். 3 வாரங்கள் ஆன பின்னும் தையல் விட்ட இடம் ஈரமாக இருக்கிறது என்றால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும். நாளைக்கே அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல், துர்நாற்றம், சீழ், காயத்தைச் சுற்றிச் சூடு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இன்றே போய்விடுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ஏறக்குறைய இதே நிலையில் இருந்த பெண்களிடம் கற்றாழை ஜெல்லைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1991இல் வெளியான ஆய்வு அது. சிசேரியனுக்கோ வேறு வயிற்று அறுவை சிகிச்சைக்கோ பிறகு தையல் பிரிந்து, திறந்த நிலையிலேயே ஆற வேண்டியிருந்த காயங்கள். வழக்கமான முறையில் கட்டுப்போட்டவர்களுக்குச் சராசரியாக 53 நாட்களில் காயம் ஆறியது. கூடவே கற்றாழை ஜெல்லும் வைத்துக் கட்டியவர்களுக்கு 83 நாட்கள் ஆயின. 21 பேரிடம் மட்டுமே நடந்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு ஒரு மாதம் தள்ளிப்போகும் சாத்தியத்தைக்கூட நான் ஏற்க மாட்டேன்.

இனி உங்கள் முகம். இன்று இரவு பூசாதீர்கள். நாளையும் வேண்டாம். சருமத்தின் வழியாக “நச்சு வெளியேறுவது” என்று ஒன்று கிடையாது. உடலின் கழிவை நீக்குவது கல்லீரலும் சிறுநீரகமும். பூசிய இடத்தில் பூசிய பிறகு வரும் அரிப்பும் சிவப்பும், பூசிய பொருளைத் தோல் தாங்கவில்லை என்பதற்கான அறிகுறி. தோழி அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நம்பி, எரிய எரியப் பூசிக்கொண்டு, முகம் வீங்கிய பிறகு வருபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

அப்படியானால் கற்றாழை கெட்டதா? இல்லை. நீங்கள் பூசியது ஒரு பொருள் அல்ல, இரண்டு. அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

ஒரு மடலைச் செடியோடு ஒட்டும் அடியில் அறுத்து, வெட்டிய முனை கீழே இருக்கும்படி ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் நிறுத்திப் பாருங்கள். சிறிது நேரத்தில் பச்சைத் தோலுக்குச் சற்று உள்ளே, ஓரத்தை ஒட்டி வரிசையாக மஞ்சள் துளிகள் அரும்பும். நடுவிலிருக்கும் கண்ணாடி போன்ற பகுதியிலிருந்து அவை வருவதில்லை, விளிம்பிலிருந்துதான் வருகின்றன. மெல்ல வழிந்து கிண்ணத்தின் அடியில் தேங்கும். மூக்கருகே கொண்டுபோனால் ஒரு காட்டமான வாடை. நாக்கில் பட்டால் நெடுநேரம் போகாத கசப்பு. காயவிட்டால் கருத்து, இறுகி, உடைத்தால் கண்ணாடிச் சில்லு போலப் பளபளக்கும் கட்டியாகிவிடும். இதைத்தான் மூசாம்பரம் என்றும் கரியபோளம் என்றும் சொல்கிறோம். தன்னைக் கடித்துத் தின்ன வரும் உயிர்களுக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் காவல் இது. இதில் அலோயின் முதலான கசப்புப் பொருட்கள் இருக்கின்றன. குடலைக் கலக்கிப் பேதியாக்குபவை இவைதான். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வருவதற்கும் பெரும்பாலும் இந்த மஞ்சள் பால்தான் காரணம்.

நடுவில் இருப்பது வேறு. நிறமில்லாத, வழவழப்பான, ஏறக்குறைய 99 சதவீதம் நீராலான சதை. தமிழ் அதற்குச் சோறு என்று தனிப்பெயர் வைத்திருக்கிறது. சோற்றுக்கற்றாழை என்ற பெயரே அதனால் வந்ததுதான். செடியின் உள்ளீட்டுக்கு ஒரு சொல், காய்ந்த பாலுக்கு வேறொரு சொல் என்று நம் மொழி இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும்போது, நாம் இரண்டையும் ஒன்றாக அரைத்து முகத்தில் பூசிக்கொண்டிருக்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு இளம்பெண் வந்திருந்தார். தாடையெலும்பை ஒட்டி இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்தில் சிவந்த பட்டை. வேறெங்கும் இல்லை. எப்படிப் பூசினீர்கள் என்று கேட்டேன். மடலை நெடுக்காகப் பிளந்து, தோலோடு சேர்த்துப் பிடித்து முகத்தில் உரசிக் காட்டினார். மடலின் விளிம்பு அழுந்திய இடத்திலெல்லாம் பட்டை. கையில் இருந்த ஆதாரத்தைப் போல அது அவ்வளவு துல்லியமாக இருந்தது. உங்களுக்கும் தாடையில் தொடங்கியிருப்பதைப் படித்தவுடன் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

“கிளியோபாத்ரா காலத்திலிருந்து” என்ற உங்கள் வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. கற்றாழையின் வரலாறு உண்மையிலேயே நீண்டது. கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தின் எபெர்ஸ் பாப்பிரஸ் மருத்துவச் சுருளில் கற்றாழை வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் டயோஸ்கொரிடிஸ் இதைப் பற்றி விரிவாகவே எழுதினார். ஆனால் அவர் எதைச் சொல்கிறார் என்று கவனியுங்கள். பேதிக்குக் கொடுக்கவும், பொடியாக்கிக் காயத்தில் தூவவும் அவர் சொல்வது பெரும்பாலும் காய்ந்த கசப்புப் பாலை. பின்வந்த நூற்றாண்டுகளில் கடல் கடந்து விற்கப்பட்டதும் அதுதான். அழுகாமல், கெடாமல் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றக்கூடியது கட்டியான பால் மட்டுமே. அறுத்த சில மணி நேரத்தில் நிறம் மாறத் தொடங்கும் சோற்றை யாரும் ஏற்றுமதி செய்திருக்க முடியாது. ஆகவே “பழங்காலத்திலிருந்து” என்று நாம் பெருமையாகச் சொல்லும் வரலாற்றின் பெரும்பகுதி, உங்கள் முகத்துக்கு ஆகாத அந்த மஞ்சள் பாலின் வரலாறு.

அலெக்சாந்தர் தன் வீரர்களின் காயங்களுக்காகக் கற்றாழை விளையும் சோகோத்ரா தீவைப் பிடித்தார் என்ற கதையும் பின்னாளில் சொல்லப்பட்டதுதான். அந்தத் தீவில் பேர்பெற்றது நம் தொட்டியில் வளரும் இனமும் அல்ல, வேறொரு கற்றாழை. கிளியோபாத்ராவின் அழகு இரகசியமும் அதே வகைதான்: கதையாக அழகானது, சான்றாக நிற்காது.

செடியின் பெயரிலும் இந்த வணிகத்தின் சுவடு இருக்கிறது. கற்றாழை இனங்கள் 500க்கும் மேல். நாம் பேசும் இந்த ஒன்றின் பிறப்பிடம் அரேபியத் தீபகற்பம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. 1768 ஏப்ரலில் பர்மன் என்ற தாவரவியலாளர் இதற்கு ‘அலோ வேரா’ என்று பெயரிட்டார். பத்து நாள் கழித்து வெளிவந்த நூலில் பிலிப் மில்லர் ‘அலோ பார்படென்சிஸ்’ என்று பெயரிட்டார். பார்படோஸ் தீவிலிருந்து 17ஆம் நூற்றாண்டு முதலே கற்றாழைப் பால் ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்ததால் அந்தத் தீவின் பெயர் செடியோடு ஒட்டிக்கொண்டது. முந்திய பெயரே தாவரவியலில் நிலைத்தது. ஆனால் கிரீம் புட்டிகளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்றைக்கும் அங்கே ‘பார்படென்சிஸ்’தான் இருக்கும்.

சோறு தோல் மருத்துவத்துக்குள் ஆய்வுப் பொருளாக நுழைந்தது மிகவும் பின்னால். 1935இல் அமெரிக்காவில் எக்ஸ்ரே கதிரால் நெற்றித் தோல் புண்ணான ஒரு பெண்ணுக்குப் புதிய மடலைப் பிளந்து வைத்து ஆற்றியதாக ஒரு மருத்துவ இதழில் கட்டுரை வந்தது. அதன் பிறகுதான் ஆய்வுகள் பெருகின. அவற்றில் சில நம்பிக்கை தந்தன, சில கைவிட்டன. 2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 4 ஆய்வுகளில் 371 பேரின் தீப்புண்களைச் சேர்த்துப் பார்த்து, கற்றாழை பூசியவர்களுக்குச் சுமார் 9 நாட்கள் முன்னதாக ஆறியது என்றது. அந்த 4 ஆய்வுகளும் ஒரே அளவுகோலில் நடந்தவை அல்ல என்பதால் இந்த எண்ணை நான் சற்று எச்சரிக்கையோடு சொல்கிறேன். ஆனாலும் சமையலறையில் விரலில் ஏற்படும் சிறு சூட்டுக்காயத்துக்கு, 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டிய பிறகு, சுத்தமான ஜெல்லை மெல்லப் பூசுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கொப்புளம் உடைந்துவிட்டால் வேண்டாம்.

சாதாரணச் சருமத்தில் சோறு என்ன செய்கிறது? நீங்கள் உணர்ந்த அந்தக் குளிர்ச்சி உண்மையானது. அவ்வளவு நீர் முகத்தில் ஆவியாகும்போது குளிரத்தான் செய்யும். அதிலிருக்கும் அசெமன்னன் முதலான நீண்ட சர்க்கரைத் தொடர்கள் நீரைப் பிடித்துவைத்து, தோலின் மேலடுக்கை ஈரமாக்குகின்றன. 2006இல் நடந்த ஒரு பரிசோதனையில், உலர்த்திய கற்றாழைச் சாற்றைக் கலந்த கிரீம் மேல்தோலின் நீரளவை உயர்த்தியது. ஆனால் தோலிலிருந்து நீர் வெளியேறும் வேகத்தை அது குறைக்கவில்லை. கற்றாழை தண்ணீரைக் கொடுக்கும், மூடி போடாது. ஜெல் காய்ந்த பிறகு முகம் இழுத்துப் பிடிப்பது போலத் தோன்றியிருக்குமே, அதற்கும் இதுவே காரணம். மாய்ஸ்சரைசரை நிறுத்தியது இங்கே தவறாகப் போய்விட்டது. கற்றாழை அதற்கு முன் பூசுவது, அதற்குப் பதிலாகப் பூசுவது அல்ல.

தடங்கள் மறையுமா என்பதற்கு உங்கள் மனம் நோகாமல் பதில் சொல்ல முடியவில்லை. மறையாது. கற்றாழையிலிருந்து பிரித்தெடுத்த அலோசின் என்ற பொருள், தோலில் நிறமி உண்டாவதைத் தடுக்கிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பிரித்தெடுத்த பொருளை அளந்து பூசுவது வேறு, மடலைத் தேய்ப்பது வேறு. 2005இல் தாய்லாந்தில் 20 பேரிடம் 70 சதவீதம் கற்றாழை கலந்த கிரீமைச் சோதித்தார்கள். வெயிலால் தோல் சிவப்பதையும் கருப்பதையும் அது தடுக்கவில்லை, சிவந்ததை ஆற்றவில்லை, நிறத்தை வெளுக்கவும் இல்லை. உங்கள் இரண்டு நம்பிக்கைகளுக்கும் அந்த ஒரே ஆய்வு பதிலாகிவிடுகிறது. சன்ஸ்கிரீனை விட்ட 5 வாரங்களில் தடங்கள் இன்னும் அழுத்தமாகியிருக்கும் என்பதுதான் என் கவலை. பரு விட்டுப்போன கருமைக்கு வெயில்தான் முதல் எதிரி. இப்போது வந்திருக்கும் சிவப்பும் நீடித்தால், அதுவும் ஆறும்போது ஒரு கருந்தடத்தை விட்டுப்போகும். எலுமிச்சைச் சாறு இதற்குள் வரவே கூடாது. அது அமிலத்தன்மை மிகுந்தது. மேலும் அந்தச் சாறு பட்ட தோலில் வெயில் படும்போது புண்ணாகிக் கருக்கும் அபாயமும் உண்டு.

ஆகையால் அடுத்த 2 வாரங்களுக்கு முகத்துக்கு ஓய்வு கொடுங்கள். நுரை குறைந்த, மணமில்லாத ஒரு முகக்கழுவி, மணமில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீன். சன்ஸ்கிரீன் எரிந்தால், சிவப்பு அடங்கும்வரை தொப்பியும் குடையும் போதும். அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியை 10 நிமிடம் வையுங்கள். மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த கிரீமை நீங்களாக வாங்கி முகத்தில் பூசிவிடாதீர்கள். இதை வரும் நோயாளிகள் எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். 2 நாளில் சிவப்பு மறையும், 2 மாதத்தில் தோல் மெலிந்து, பருக்கள் புதிதாகக் கிளம்பி, அதை நிறுத்தவே முடியாத நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலும், கண்ணிமை வீங்கினாலும், நீர் வடிந்தாலும் தோல் மருத்துவரை நேரில் பாருங்கள்.

தோல் அமைதியான பிறகு தடங்களைக் கவனிக்கலாம். அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, ரெட்டினாய்டு வகைகள் என்று ஆதாரமுள்ள மருந்துகள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள், ரெட்டினாய்டைத் தவிர்க்க வேண்டியிருக்கும். கற்றாழைக்கும் இங்கே ஓர் இடம் கிடைக்கலாம். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், பருவுக்கு ட்ரெட்டினாயின் என்ற ரெட்டினாய்டு மருந்தோடு கற்றாழை ஜெல்லையும் சேர்த்துப் பூசியவர்களுக்கு, ட்ரெட்டினாயின் மட்டும் பூசியவர்களைவிடப் பலனும் கூடுதலாக இருந்தது, சிவப்பும் குறைவாக இருந்தது. மருந்துக்குத் துணையாக நிற்கும் வேலை கற்றாழைக்கு நன்றாகவே பொருந்துகிறது.

குடிப்பதைப் பற்றி: வேண்டாம். வீட்டில் அரைக்கும் சாற்றில் மஞ்சள் பால் கலக்காமல் இருப்பது கடினம். அது வயிற்றுவலியையும் பேதியையும் தரும், தொடர்ந்தால் உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடவே கூடாது. அக்காவிடமும் சொல்லிவையுங்கள். கற்றாழைப் பாலைக் கொண்ட பேதி மருந்துகளை மருந்துச் சீட்டின்றி விற்பதை அமெரிக்கா 2002இல் நிறுத்தியது. பால் நீக்காத முழு மடல் சாற்றை, புற்றுநோயை உண்டாக்கும் சாத்தியமுள்ளவற்றின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருக்கிறது. முகப்பொலிவுக்காக எடுக்கக்கூடிய அபாயம் அல்ல இது.

கடையில் வாங்கும் ஜெல்லாக இருந்தால், பச்சை நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். சோற்றுக்கு நிறமே கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்தப் பச்சை சாயம். பொருட்பட்டியலில் கற்றாழை முதலில் வருகிறதா, ஆல்கஹாலும் மணப்பொருளும் இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுச் செடியையும் கைவிட வேண்டாம். முதலில் அது உண்மையிலேயே சோற்றுக்கற்றாழைதானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆனைக்கற்றாழை பார்வைக்கு ஒத்திருக்கும், ஆனால் அதன் சாற்றில் ஊசி போன்ற நுண்படிகங்கள் இருப்பதால் தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். சோற்றுக்கற்றாழைதான் என்றால், முகம் முழுமையாக ஆறிய பிறகு, முற்றிய வெளி மடல் ஒன்றை அறுத்து 15 நிமிடம் நிமிர்த்தி வைத்து, மஞ்சள் பால் வடிந்ததும் கழுவுங்கள். முள்ளோரங்களை நீக்கி, பச்சைத் தோலைத் தடிமனாகவே சீவி எடுங்கள். சிக்கனம் பார்த்து மெல்லியதாகச் சீவினால் பால் சோற்றிலேயே தங்கிவிடும். எஞ்சிய கண்ணாடிக் கட்டியை, நீரில் மஞ்சள் இழை தெரியாமல் போகும் வரை 2, 3 தடவை அலசுங்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு, பழுப்பேறிப்போனதை எறிந்துவிடுங்கள்.

அதை முகத்துக்குக் கொண்டுபோகாமல், முழங்கையின் உட்புறத்தில் ஒரு நாணய அளவு இடத்தில், காலையும் மாலையும், 7 நாட்கள் பூசிப் பாருங்கள். ஒரே நாள் சோதனை போதாது, ஒவ்வாமை தலைகாட்டச் சில நாட்கள் எடுக்கும். உங்களுக்கே முதல் 2 வாரம் ஒன்றும் தெரியவில்லையே. எட்டாம் நாளும் அந்த இடம் மற்ற தோலைப் போலவே இருந்தால், முகத்தில் 20 நிமிடம் வைத்துக் கழுவி, ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர் பூசுங்கள். இரவு முழுவதும் வைக்க வேண்டாம். சிவந்தாலோ நமைத்தாலோ, பால் நீக்கிய சோறும் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். பிறகு எந்த கிரீம் வாங்கினாலும் பின்பக்கத்தில் அந்த பார்படோஸ் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

அக்காவின் காயத்தை மருத்துவர் பார்த்து என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதுங்கள்.